தாலி கட்டிய பின் பொருத்தம் பார்க்கும் பிரசல்ஸ்

வணிக உடன்படிக்கையில் கையொப்பமிடுபவர் அரசியல்வாதி. அதற்கு நற்சான்றிதழ் எழுதிக் கொடுப்பவர் பேராசிரியர். இந்த வேலைப் பிரிவினை ஐரோப்பாவில் வெகுகாலமாக நடந்து வருகிறது. பல்கலைக்கழக ஆய்வு என்ற முத்திரை விழுந்துவிட்டால் எதிர்த்துக் கேட்பவன் விடயம் அறியாதவன் ஆகிவிடுகிறான்.

ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. எந்த ஆய்வு, யாருடைய காசில், எப்போது என்பதே என் கேள்வி.

வணிகப் பேச்சுகளுக்கான நிலைபேறு தாக்க மதிப்பீடு என்ற ஏற்பாட்டை ஐரோப்பிய ஆணைக்குழு 1999 இல் தொடக்கியது. முதற் பணியைச் செய்தவர்கள் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். நோக்கம் சிறந்தது: ஓர் உடன்படிக்கை தொழிலாளியை, காட்டை, ஏழை நாட்டை என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே அறிவது. அந்த 'முன்கூட்டியே' என்ற சொல்லுக்குப் பின்னர் நேர்ந்த கதிதான் இங்கு பேசப்பட வேண்டியது.

முதலில் அமெரிக்காவுடனான உடன்படிக்கையை எடுத்துக்கொள்வோம். அத்திலாந்திக் கடலின் இரு கரைகளையும் ஒரே சந்தையாக்கும் பேச்சு 2013 ஜூலையில் ஆரம்பமாயிற்று. அதற்குச் சில மாதங்கள் முன்னர், ஆணைக்குழுவின் வேண்டுகோளின் பேரில் இலண்டனிலுள்ள பொருளாதாரக் கொள்கை ஆய்வு மையம் ஓர் அறிக்கை தந்தது. ஐரோப்பாவுக்கு ஆண்டுக்கு 119 பில்லியன் யூரோ இலாபம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 545 யூரோ. இந்த 545 பிரசல்ஸின் பிரசாரத் துண்டுகளில் எல்லாம் ஏறிற்று.

துண்டுகளில் ஏறாதவை சில உண்டு. அது மிகவும் தாராளமான உடன்படிக்கை முழுமையாக நடைமுறைக்கு வந்தால் 2027 அளவில் கிடைக்கக்கூடிய தொகை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அது அரைச் சதவீதம் மட்டுமே. ஆண்டுதோறும் அரைச் சதவீத வளர்ச்சி என்பதல்ல இதன் பொருள். பத்தாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் முடிவில் பொருளாதாரம் அந்த அளவுக்குப் பெரிதாக இருக்கும், அவ்வளவே. 545 என்பதோ வெறும் சராசரி. தொழிற்சாலை உரிமையாளனின் வீட்டுக்கும், வேலையிழந்தவனின் வீட்டுக்கும் அது ஒரே அளவாக வந்து சேருமா?

இவற்றினும் பெரிய சங்கதி கணக்கின் அடித்தளத்தில் இருக்கிறது. அந்த ஆய்வு பயன்படுத்திய பொதுச் சமநிலை மாதிரி, உழைப்பாளரின் மொத்த எண்ணிக்கை மாறாது என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு துறையில் வேலை இழந்தவர் இன்னொரு துறையில் வேலை பெற்றுவிடுவார்; இறுதியில் வேலையற்றோர் தொகை கூடாது. எவரும் நிரந்தரமாக வேலை இழக்கமாட்டார் என்று தொடக்கத்திலேயே எழுதிவைத்துவிட்டு, முடிவில் வேலையிழப்பு இல்லை என்று காட்டுவதில் என்ன அதிசயம்? ஸ்பெயினிலும் கிரேக்கத்திலும் வேலை செய்யக்கூடியோரில் நான்கில் ஒருவர் வேலையின்றி இருந்த ஆண்டு அது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

2014 இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக நிறுவனமொன்றின் வழியாக ஜெரோனிம் கபால்டோ என்ற ஆய்வாளர் அதே கேள்விக்கு ஐக்கிய நாடுகள் சபையின் மாதிரியொன்றைக் கொண்டு விடை தேடினார். வேலையிழப்பு நிகழக்கூடும் என்று இடமளிக்கும் மாதிரி அது. அவருக்குக் கிடைத்த விடை: ஐரோப்பாவில் ஏறத்தாழ ஆறு இலட்சம் வேலைகள் போகும். அந்த மாதிரி வணிகக் கொள்கையை அளக்க ஏற்றதல்ல என்று அவரைக் கண்டித்தோர் உளர். கண்டனத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் எடுகோளை மாற்றினால் இலாபம் நட்டமாகிவிடும் என்ற உண்மையைக் குடிமகனுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? பிரசல்ஸ் சொன்னது 545 மட்டுமே. அந்தப் பேச்சு 2016 இல் முடங்கிற்று. 2019 இல் அதற்கான ஆணையே காலாவதியானதாக அறிவிக்கப்பட்டது. எந்தக் குடும்பமும் 545 யூரோவைக் காணவில்லை.

அடுத்தது தென்னமெரிக்கா. பிரேசில், ஆர்ஜென்ரீனா, உருகுவே, பராகுவே ஆகிய மெர்கோசூர் நாடுகளுடன் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பேசி, 2019 ஜூன் 28 அன்று ஒன்றியம் இணக்கம் கண்டது. கார் ஒரு பக்கம், மாட்டிறைச்சி மறுபக்கம். இதன் தாக்கத்தை மதிப்பிடும் பணி இலண்டன் பொருளியல் கல்லூரியின் ஆலோசனைப் பிரிவிடம் இருந்தது. அதன் இறுதி அறிக்கை தாங்கியுள்ள திகதி 2020 டிசம்பர். இணக்கம் கண்டு ஒன்றரை ஆண்டுகளுக்குப் பின்! தாலி கட்டி முடித்த பின்னர் சாதகப் பொருத்தம் பார்த்த கதை.

ஐந்து அரச சார்பற்ற அமைப்புகள் முறையிட்டன. பேச்சு முடியுமுன் மதிப்பீட்டை முடிக்காதது நிர்வாகச் சீர்கேடு என்று ஐரோப்பியக் குறைகேள் அதிகாரி எமிலி ஓ'ரைலி 2021 மார்ச்சில் தீர்ப்புரைத்தார். இதற்கிடையில், பிரெஞ்சு அரசு நியமித்த நிபுணர் குழு 2020 செப்டெம்பரில் காடழிப்பு வேகம் கூடும் என்று எச்சரித்திருந்தது. எனினும் 2024 டிசம்பரில் மொன்ரிவிடியோவில் பேச்சு முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது.

சிக்கலான பேச்சுகளில் கால அட்டவணையை யார் காப்பாற்ற முடியும் என்று ஆணைக்குழுவுக்காகச் சிலர் வாதாடக்கூடும். காப்பாற்ற முடியும் என்பதற்கு எங்கள் நாடே சாட்சி. இலங்கைக்கு அளித்த ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை பற்றி ஆணைக்குழு 2008 ஒக்டோபரில் விசாரணை தொடங்கியது. எசெக்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை பிரான்சுவாஸ் ஹாம்சன் உட்பட மூன்று நிபுணர்கள் 2009 இல் அறிக்கை தந்தனர். மனித உரிமை உடன்படிக்கைகள் மூன்று முறையாக நடைமுறைப்படுத்தப்படவில்லை என்ற முடிவு அதன் பின்னரே வந்தது. சலுகை 2010 ஓகஸ்டில் நிறுத்தப்பட்டு 2017 மே மாதத்தில் மீண்டது. முதலில் அறிக்கை, பின்னர் முடிவு. அந்த முடிவு சரியா தவறா என்று தமிழரும் சிங்களவரும் வெவ்வேறாகச் சொல்வர். வரிசை சரியானது என்பதை எவரும் மறுக்க முடியாது. சிறிய நாடொன்றைத் தண்டிக்கும்போது கடைப்பிடிக்கத் தெரிந்த ஒழுங்கு, சொந்தக் கார் தொழிற்சாலைகளுக்குச் சந்தை தேடும்போது மட்டும் மறந்து போவதேன்?

எனவே கேட்க வேண்டியவை மூன்று. இறுதி மதிப்பீடு வெளிவருமுன் எந்த இணக்கமும் அறிவிக்கப்படலாகாது. ஒரே கேள்விக்குக் குறைந்தது இரண்டு வேறுபட்ட மாதிரிகள் விடை சொல்ல வேண்டும். ஆய்வின் எடுகோள்கள் அறிக்கையின் முதற் பக்கத்தில் சாதாரண மனிதனுக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும்.

பேராசிரியர்களுக்கும் ஒரு சொல். உங்கள் பெயருக்காகத்தான் உங்களை அழைக்கிறார்கள். அந்தப் பெயர் தாமதமான அறிக்கைக்கு முத்திரையாகப் பயன்படுவதை மறுக்கும் உரிமையும் உங்களுக்கே உண்டு.