வரம்பைச் சொல்லட்டும்

மும்பைச் சால்களில் பல வீடுகளுக்கு இணைய இணைப்புத் தருபவர் வட்டாரக் கேபிள்காரரே. பெரிய நிறுவனத்திடம் மொத்தமாகப் பெறுவதை அவர் வீடுதோறும் பங்கிடுகிறார். எல்லோரும் ஒரே வேளையில் முழு வேகம் கேட்கமாட்டார்கள் என்பதே இத்தொழிலின் கணக்கு. ஒருவர் இரவு பகலாகப் படங்களை இறக்கினால் கணக்கு தவறுகிறது. பக்கத்து வீட்டு மாணவரின் பாடம் பாதியில் நிற்கிறது. பொதுக் குழாயில் மோட்டார் வைத்து இழுப்பது போன்றதுதான் இது.

ஆகவே கட்டுப்பாடு அவசியமே. ஆனால் 'அன்லிமிடெட்' என்று பணம் பெற்றுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வேகத்தைக் குறைப்பதும் இணைப்பைத் துண்டிப்பதும் முறையல்ல. வரம்பையும், அதைத் தாண்டினால் கிடைக்கும் வேகத்தையும் விளம்பரத்திலேயே தெரிவிக்க வேண்டும். உபயோகம் 50, 90, 100 சதவீதத்தை எட்டும்போது வாடிக்கையாளரை எச்சரிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016-இல் உத்தரவிட்டது. சிறு தொழில் என்பது இக்கடமையைத் தட்டிக்கழிக்கக் காரணமாகாது.

நெரிசல் மிகுந்த மாலை வேளையில் மட்டும் அந்த ஓர் இணைப்பின் வேகத்தைக் குறைக்கலாம். கூடுதல் தேவையுள்ளவருக்கு உரிய கட்டணத்தில் தனித் திட்டம் தரலாம். வாடிக்கையாளரும் அண்டை வீட்டாரை நினைக்க வேண்டும். வரம்பை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதித் தகராறு அங்கேயே தீரும்.