கல்முனை பஸ் நிலையச் சுற்றாடலை மதிப்பிடக் கோரும் மனு

அனுப்புநர்: பயணிகள், வியாபாரிகள் சங்கத்தினர், கல்முனைக்குடி
பெறுநர்: ஆணையாளர், கல்முனை மாநகர சபை
பிரதிகள்: நகர அபிவிருத்தி அதிகார சபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை



மெட்ரோ நிலையங்களைச் சுற்றி வீடும் கடையும் அலுவலகமும் நெருக்கமாக அமைத்து, சனங்கள் நடந்துவந்தே வண்டி ஏறும்படி நகரைக் கட்டும் முறை இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. எங்கள் ஊரில் மெட்ரோ இல்லை. 1928இல் மட்டக்களப்புக்கு வந்த புகையிரதமும் இங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றர் வடக்கே நின்றுவிட்டது. கொழும்பிலேயே, மாலபே முதல் கோட்டை வரை 15.7 கிலோமீற்றரில் 16 நிலையங்களுடன் அமையவிருந்த இலகு ரயில் திட்டம் 2020இல் கைவிடப்பட்டது. ஆகவே எங்களுக்கு நிலையம் என்றால் பஸ் நிலையம்தான். பிரேசிலின் குரிட்டிபா நகரம் 1974 முதல் பஸ் தடங்களை வைத்தே தன் வளர்ச்சியை வழிநடத்தியது. நாங்களும் ரயிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

வேறு நகரங்களில் நிலையத்தருகே சனத்தைக் கொண்டுவந்து குடியேற்ற வேண்டியிருக்கிறது. இங்கோ கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் வீடுகள் ஏற்கெனவே சுவரோடு சுவராக நிற்கின்றன. கீழே கடை, மேலே குடியிருப்பு என்பதும் எங்களுக்குப் புதிதல்ல. எங்களுக்குக் குறைவாக இருப்பது நடக்க இடம்.

ஆகவே பஸ் நிலையச் சுற்றாடலை மதிப்பிடும்போது, வரைபடத்தில் நிலையத்தைச் சுற்றி 800 மீற்றர் வட்டம் போட்டு, அதற்குள் இருப்போரெல்லாம் பத்து நிமிடத்தில் வந்துவிடுவர் என்று எழுதிவிட வேண்டாம் என்பதே எமது முதற் கோரிக்கை. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையிலிருந்து கைக்குழந்தையோடு வரும் தாயின் பாதையை நடந்தே அளந்து பாருங்கள். கச்சான் காற்று அனலாய் வீசும் நடுப்பகலில் ஒருமுறை, ஒழுங்கைகளில் வெள்ளம் தேங்கும் மாரியில் ஒருமுறை. சனத்தை எண்ணும்போது வெள்ளிக்கிழமை, பெருநாளுக்கு முந்திய இரவுகள், கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்ற நாட்கள் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். சாதாரண நாளின் கணக்கு இவ்வூரின் போக்குவரத்தைச் சொல்லாது.

அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு வருவோரும், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் செல்லும் மாணவரும் எங்கே ஏறி எங்கே இறங்குகின்றனர் என்பது பதியப்பட வேண்டும். வைத்தியசாலையை அண்டிய தரிப்பிடத்தில் நிழலும் இருக்கையும் பாதசாரிக் கடவையும் அவசியம். மஃரிபுக்குப் பின் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண் எந்த மூலையில் நிற்க அஞ்சுகிறாள் என்பதை அவளே சொல்ல, பெண்களுக்கெனத் தனி அமர்வு நடத்துங்கள்.

நிலையத்தைச் சுற்றி அபிவிருத்தி வந்தால் காணி விலை ஏறும். முதலில் இடம் இழப்பவர் சாக்கு விரித்து மரக்கறி விற்பவரே. அவர்களையும் கணக்கெடுத்து, புதிய கட்டடம் எழுந்தால் தரைத்தளத்திலேயே, கட்டுப்படியாகும் வாடகையில் இடம் உண்டென எழுத்தில் உறுதி தர வேண்டும். கீரைக்கட்டு வாங்க யாரும் மாடி ஏறி வரமாட்டார்கள்.

2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் ஊருக்குள் வந்தது. அன்று தூக்கிய ஜனாஸாக்களை நாங்கள் மறக்கவில்லை. குடியிருப்பு நெருக்கத்தைக் கூட்டுவதானால் அது கரைப்பக்கமாக வேண்டாம். மேற்கே வயலை நிரப்பியும் வேண்டாம். பிரதான வீதியை ஒட்டியதாக இருக்கட்டும். கடற்கரையிலிருந்து அவ்வீதிக்கு ஏறும் ஒழுங்கைகளை எந்தக் கட்டடமும் மறிக்கக் கூடாது. பஸ்ஸுக்கு நடக்கும் அதே வழியால்தான் உயிர் தப்பவும் ஓட வேண்டும். மணல் நிலத்தில் மலக்குழியை மட்டும் நம்பி மாடிமேல் மாடி எழுப்பவும் அனுமதிக்க வேண்டாம்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாக ரயில் பாதை நீட்டும் பேச்சு நெடுங்காலமாக உண்டு. அதற்குரிய நிலத்தை இப்போதே வரைபடத்தில் ஒதுக்கினால், பின்னாளில் வீடுகளை உடைக்க நேராது.

மதிப்பீட்டின் முடிவுகளைக் கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன்பே தமிழில் அச்சிட்டு, மாநகர சபையிலும் பள்ளிவாசல்களிலும் கோவில்களிலும் காட்சிக்கு வையுங்கள். நடந்து அளக்கும் நாளை முன்கூட்டி அறிவித்தால், எமது உறுப்பினர்கள் ஒழுங்கை ஒழுங்கையாக உங்களுடன் வருவார்கள்.

இவ்வண்ணம்,
சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்
கல்முனைக்குடி