சில்லின்மேல் ஒரு சிறுவீடு

இளைப்பாறியவர் எங்கே இருத்தல் வேண்டும் என்னும் கேள்விக்கு நம்மவரிடம் ஆயத்தமாக உள்ள விடை ஒன்றே: பிள்ளைகளோடு. மகன் வீட்டில் ஆறு மாதம், மகள் வீட்டில் ஆறு மாதம் என்று வகுத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. பெற்றோரைப் பங்கிடுதல் காணியைப் பங்கிடுதலிலும் கடினம் என்பதை அனுபவித்தோர் அறிவர். அவுஸ்திரேலியாவில் சிட்னி நகரில் வாழும் என் பழைய நண்பர் ஒருவரும் அவர் மனைவியாரும் வேறொரு வழி கண்டிருக்கின்றனர். ஆண்டில் நான்கு மாதம் அவர்களுடைய வீடு மோட்டார் வண்டியின் பின்னே உருண்டு செல்கின்றது.

கரவன் எனப்படும் இழுவை வீட்டை வாசகர்கள் படங்களிற் பார்த்திருப்பீர்கள். ஒரு கட்டில், மடக்கு மேசை, வாயு அடுப்பு, சிறு குளிர்ப்பெட்டி, அலுமாரியளவில் ஒரு குளியலறை. இவ்வளவையும் இரண்டு சில்லுகளோ நான்கு சில்லுகளோ தாங்குகின்றன. இரவு தங்குவதற்கென ஊர்தோறும் கரவன் பூங்காக்கள் உண்டு. அங்கே மின்சாரமும் குழாய்நீரும் பொதுச் சமையற்கூடமும் கிடைக்கும். இப்படி ஊர் சுற்றும் முதியோரை அந்நாட்டார் நரைத்த நாடோடிகள் என்று செல்லமாக அழைக்கின்றனர். அவர்களுக்காகவே அமைத்தது போன்றிருக்கிறது முதலாம் இலக்க நெடுஞ்சாலை. கண்டம் முழுவதையும் கடலோரமாகச் சுற்றிவரும் அதன் நீளம் ஏறக்குறைய 14,500 கிலோ மீற்றர். நம் தீவோ பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை ஏறக்குறைய 430 கிலோ மீற்றரே.

வண்டி வாங்கிய முதலாண்டில் நண்பர் தெற்கே ஈடன் என்னும் துறைமுகம் வரை சென்று மீண்டார். அதன்பின் ஆண்டுதோறும் வடக்கேதான் பயணம். சிட்னியிலிருந்து பிறிஸ்பேன் ஏறக்குறைய 900 கிலோ மீற்றர். அதற்கப்பால் கேயின்ஸ் வரை இன்னும் 1,700. யூன் மாதத்திற் புறப்படுவர். அங்கே அப்போது குளிர்காலம். வடக்கே செல்லச் செல்ல வெயில் இதமாகும். நவம்பரில் வடபகுதியிற் புயற்காலம் தொடங்குமுன், கடலில் நச்சுச் சொறிமீன்கள் பெருகுமுன், திரும்பிவிட வேண்டும்.

நண்பர் கணித ஆசிரியராக இருந்தவர். ஆகவே வண்டியில் ஏற்றும் ஒவ்வொரு பொருளுக்கும் நிறைக் கணக்கு வைத்திருக்கிறார். கரவனின் மொத்த நிறையிற் பத்திலொரு பங்களவு முன்னுள்ள கொளுவியின்மேல் இறங்க வேண்டும் என்பது பொது விதி. பாரமானவற்றை அச்சுக்கு நேராகக் கீழே வைத்தல் வேண்டும். பின்பக்கம் கனத்தால், வேகமாகச் செல்லும்போது கரவன் நாய் வாலைப்போல ஆடத் தொடங்கும். அவ்வேளையிற் பயந்து பிறேக்கை மிதித்தால் ஆட்டம் கூடுமேயன்றிக் குறையாது. வேகத்தைக் கொடுக்கும் காலை மெல்ல எடுத்து, கரவனின் பிறேக்கை மாத்திரம் கையால் இயக்க வேண்டும். இவ்விதிகளெல்லாம் நன்று. ஆனால் அம்மையார் ஓர் அம்மியையும் குழவியையும் ஏற்றவேண்டும் என்று நின்றபோது கணிதம் தோற்றது. அம்மி இன்று அச்சுக்கு நேர்மேலே, இரு மழைச்சட்டைகளாற் சுற்றப்பட்டுப் பயணம் செய்கிறது. அது நியாயமென்றே நான் நினைக்கிறேன். கரவன் பூங்காவிற் சம்பல் மணத்தால் வந்து சேர்ந்த நட்புகள் பல என்று கேள்வி.

இனி உறவினர் வீடுகளுக்கு வருவோம். இங்கேதான் நம்மவர் வழக்கத்துக்கும் கரவனுக்கும் பெரிய பிணக்கு. "வீடு தேடி வந்தவர்கள் வாசலிலே படுக்கிறதோ? ஊர் என்ன சொல்லும்?" என்று மைத்துனி ஒருத்தி அழுதே விட்டாளாம். அந்த ஊரிலே தமிழ்க் குடும்பம் அவளுடையது ஒன்றுதான் என்பதையும் சொல்ல வேண்டும். அம்மையார் இதற்கென விதிகள் சில வகுத்தார். எந்த வீட்டிலும் மூன்று இரவுக்கு மேல் இல்லை. மதியச் சாப்பாடு வீட்டுக்காரருடையது. இரவுச் சாப்பாடு கரவனில், வீட்டுக்காரர் விருந்தாளி. கரவனுக்குள் நாலு பேர் இருந்து புட்டுச் சாப்பிட இடம் நெருக்கம். ஆயினும் பெரிய சாப்பாட்டறையிற் பேசாத பேச்சை அந்த நெருக்கத்திற் பேசுகிறார்களாம். விருந்தாளிக்காகக் கட்டில் ஒழிக்க வேண்டாம், பிள்ளைகளின் படிப்பறையைப் பறிக்க வேண்டாம். அழுத மைத்துனி இப்போது மேயிலேயே தொலைபேசி எடுத்து, எப்போது வருகிறீர்கள் என்று கேட்கிறாள்.

கொவ்ஸ் ஹாபர் என்னும் ஊரில் மனைவியை இழந்து தனித்திருக்கும் பள்ளித் தோழர் ஒருவர். வாழைத் தோட்டங்களுக்குப் பெயர்போன ஊர் அது. 1964இற் கட்டிய பெருவாழைப்பழம் ஒன்று இன்றும் தெருவோரத்தில் நிற்கிறது. சற்று வடக்கே வூல்கூல்காவில், வாழைத் தோட்ட வேலைக்கு வந்து நிலைத்த சீக்கியர் 1968இல் ஒரு குருத்துவாரா எழுப்பினர். தோழருக்கோ பேசுவதற்குத் தமிழர் இல்லை. முதல்நாள் அவர் ஆங்கிலத்திலேயே பேசினாராம். இரண்டாம்நாட் பிற்பகல் தமிழ் வந்தது; மூன்றாம்நாள் இரவு இரண்டு மணிவரை நிற்கவில்லை. அந்த வீட்டில் மட்டும் மூன்றிரவு விதி ஐந்தாகத் தளர்ந்தது.

பண்டபேர்க்கும் மக்காயும் கரும்பு நாடு. யூனிலிருந்து ஆலைகள் இயங்கும் காலத்தில், இரண்டடி அகலத் தண்டவாளங்களில் நீண்ட கரும்பு றெயில்கள் தெருவைக் குறுக்கிடும். வண்டிகள் காத்து நிற்கும். இவ்வூர்களுக்கும் நமக்கும் பழந்தொடர்பு ஒன்றுண்டு. 1882இல் இலங்கையிலிருந்து, பெரும்பாலும் சிங்களவரான தொழிலாளர், கரும்புத் தோட்டங்களுக்கெனக் கப்பலேற்றப்பட்டு இங்கே இறக்கப்பட்டனர். அவர்களைக் காண உறவினர் எவரும் வண்டி கட்டி வந்திருக்கமாட்டார். இன்று மக்காயில் நண்பரின் மருமகன் முறையானவர் வைத்தியராக இருக்கிறார்.

வைத்தியர் என்றதும் சொல்லவந்த செய்திக்கு வந்துவிட்டேன். நண்பருக்கு வரும் கார்த்திகையில் வயது 75. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அவ்வயது தொட்டு ஆண்டுதோறும் வைத்தியச் சோதனைக்கு உட்பட்டாலன்றிச் சாரதிப் பத்திரம் நிலைக்காது. அவருக்குக் கிளோக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய் உண்டு. மெல்ல மெல்ல ஓரப்பார்வையை உண்ணும் நோய் அது. நேர்ப்பார்வை நன்றாயிருப்பதால் நோயாளிக்கே தெரியாது. இம்முறை ஒரு மாலை, இடப்புறம் வந்த சைக்கிளை அவர் காணவில்லை. அம்மையார் கூவியதால் ஒன்றும் நேரவில்லை. இருவரும் அன்றிரவு உண்ணாமற் படுத்தனர்.

செய்தி பிறிஸ்பேனிலுள்ள மகளுக்கு எட்டியது. கரவனை விற்றுவிட்டு எங்களோடு வந்திருங்கள், பேரப்பிள்ளைகளுக்கும் துணையாகும் என்றாள். அவள் சொல்வதில் அன்புமுண்டு, கணக்குமுண்டு. வேலைக்குச் செல்லும் தாய்க்குக் கணக்கு இருப்பது குற்றமன்று. நண்பர், கண்ணுக்கு மருந்து விடுகிறேன், இன்னும் இரண்டாண்டு ஓடலாம் என்றார். இந்த இடத்தில் நான் நண்பரின் பக்கமில்லை. தெருவில் அவர் மாத்திரம் செல்லவில்லை. ஆயினும் சாரதி ஆசனத்தை விடுவதும் கரவனை விடுவதும் ஒன்றென்று மகளும் தகப்பனும் எண்ணியதுதான் வியப்பு. முப்பதாண்டு கார் ஓட்டிய பெண்மணி பக்கத்திலேயே இருந்தார். அவரை எவரும் கேட்கவில்லை.

அம்மையார் கேட்கக் காத்திருக்கவுமில்லை. மக்காயில் மருமகன் வீட்டருகே வெறும் மைதானம் ஒன்று. காலை ஆறு மணிக்கு அங்கே கரவனோடு சென்று பின்னோக்கிச் செலுத்தப் பழகினார். முன்னோக்கி இழுப்பது பெரிதன்று. பின்னோக்கித் தள்ளுவதே வித்தை. சுக்கானைக் கீழ்ப்புறமாகப் பிடித்தால், கை எப்பக்கம் போகிறதோ கரவனும் அப்பக்கம் போகும் என்று அங்கிருந்த லொறிச் சாரதி ஒருவர் சொல்லிக்கொடுத்தாராம். நான்கு காலைகளில் இரண்டு வாளிகள் நசுங்கின. ஐந்தாங் காலை கணவரை அழைத்துச்சென்று காட்டினார்.

கேயின்ஸ் இம்முறை இல்லை. மக்காயிலிருந்து பிறிஸ்பேன் வரை 900 கிலோ மீற்றருக்கு மேல்; அவ்வளவும் அம்மையார் பொறுப்பு. நாளொன்றுக்கு 200 கிலோ மீற்றர், மாலை நான்கு மணிக்குமேல் ஓட்டமில்லை. மகளுக்கு விடை அவள் வீட்டு வாசலிற் கரவனைத் தானே நிறுத்திய பிறகு சொல்வதாக வைத்திருக்கிறார். மகரரேகை கடக்கும் றொக்ஹாம்ப்டனிலிருந்து எனக்கு அவர் எழுதிய கடிதத்தில் இப்படி இருக்கிறது: "அண்ணா, வண்டி சொற்கேட்கிறது. உங்கள் சிநேகிதர்தான் இடப்பக்க ஆசனத்தில் இருந்துகொண்டு, அங்கே இல்லாத பிறேக்கை நாள் முழுவதும் மிதிக்கிறார். முழங்கால் நோகிறதாம்."