சிரிச்சா என்ன போச்சு?

‘பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு’ என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். ஆனால், நம்மை வைத்துச் சிரிப்பதற்கு எந்தத் தடையும் இருந்ததில்லை. பூரிக்கட்டையோடு நிற்கும் மனைவி, புடவைக்கு அடம்பிடிக்கும் மனைவி, வில்லி மாமியார் என்று வாரப் பத்திரிகைகளின் ஜோக் பக்கங்கள் எத்தனை காலம் நம் தயவில் ஓடின!

நகைச்சுவைக்குப் பெண்ணின் பெயர்கூட ஆகும். அப்புசாமியையும் சீதாப்பாட்டியையும் படைத்த ஜ.ரா.சுந்தரேசன், அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து ‘பாக்கியம் ராமசாமி’ ஆனார். ரங்கராஜன் தன் மனைவியின் பெயரில் ‘சுஜாதா’ ஆனார். படித்தோம், விழுந்து விழுந்து சிரித்தோம். அதில் குறையில்லை.

பெயர் மட்டுமல்லாமல் பேனாவும் பெண்ணுடையதாக இருந்தால்?

ஹோட்டல் பில் வந்ததும் காதலன் பாத்ரூம் போன கதையை ஒரு பெண் எழுதட்டும். முதல் கேள்வி, ‘சொந்த அனுபவமா?’ அடுத்தது, ‘வீட்டுக்குத் தெரியுமா?’ ஆண் எழுதினால் கற்பனை, நாம் எழுதினால் வாக்குமூலம். இதற்குப் பயந்துதான், ஹாஸ்டல் மொட்டைமாடியில் வயிறு வலிக்கச் சிரித்த கதைகளை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். எழுத உட்கார்ந்தால் கண்ணீரை மட்டும் எடுத்து வைக்கிறோம். அழுதால் ‘பாவம்’ என்பார்கள்; சிரித்தால்தானே விசாரணை!

தோழி, அந்த மொட்டைமாடிக் கதைகளை எழுது. ‘சொந்த அனுபவமா?’ என்று கேட்பவரிடம், ‘ஏன், உங்களைப் போலவே இருக்கிறதா?’ என்று திருப்பிக் கேள்.