ஒரே நாளில் ராமேஸ்வரமா?

மே மாதம் பிறந்தால் போதும், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் டூரிஸ்ட் வேன்காரர்களின் நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். சனிக்கிழமை ராத்திரி கிளம்பி, ஞாயிறு முழுக்க ராமேஸ்வரம் பார்த்து, திங்கள் விடிவதற்குள் வீடு. கீழே இடங்களின் பட்டியல்: அக்னி தீர்த்தம், 22 தீர்த்தம், ராமர் பாதம், வில்லூண்டி, ஜடா தீர்த்தம், பஞ்சமுக ஆஞ்சநேயர், கலாம் நினைவிடம், கோதண்டராமர் கோயில், தனுஷ்கோடி, அரிச்சல்முனை. போகிற வழியில் திருப்புல்லாணியும் உத்தரகோசமங்கையும் உண்டாம். இத்தனையும் ஒரு பகலில். அந்தப் பட்டியலில் சாப்பாட்டுக்கு நேரம் கிடையாது, வயதானவர்கள் உட்கார நேரம் கிடையாது, பொம்பளைகள் துணி மாற்ற நேரம் கிடையாது. எனக்குக் கோபமெல்லாம் இந்தப் பட்டியல் மேல்தான்.

எங்கள் சனங்கள் ஏன் ஒரே நாளுக்கு ஒத்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கோழிப்பண்ணை வைத்திருக்கிறவன் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோழிக்குத் தீனி போட்டாக வேண்டும், அன்றன்றைக்கு முட்டை எடுத்தாக வேண்டும். விசைத்தறியில் இருப்பவருக்குத் தறி நின்றால் கூலி நின்றுபோகும். லாரி ஓட்டுகிறவர் வீட்டுக்கு வருவதே எப்போதாவதுதான். பால் மாடு வைத்திருக்கிற வீட்டில் ஒரு ராத்திரிக்கு ஆள் சொல்லிவிட்டுப் போவதே பெரிய காரியம். அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இவ்வளவு மதிப்பு. அந்த ஒரு நாளை நம்பிக் கொடுக்கிறவர்களை இப்படியா ஓட ஓட விரட்டுவது?

போன மே மாதம் நாங்களும் அப்படித்தான் போனோம். மாமனார் தவறி வருஷம் திரும்பியிருந்தது. ராமேஸ்வரத்துக் கடலில் முழுகி, எள்ளும் தண்ணியும் விட்டு வர வேண்டும் என்பது அத்தையின் ஆசை. வேறு எதையும் அவர் கேட்கவில்லை. நங்கையா குடும்பம், கொழுந்தனார் குடும்பம், பிள்ளைகள் என்று வேன் நிறைந்தது. கரூர், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி தாண்டி 300 கிலோமீட்டருக்கு மேல் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டம்.

மண்டபத்தைத் தாண்டும்போது எல்லாரும் தூக்கத்தில் இருந்தார்கள். எனக்கு இன்னும் ஆறாத இடம் இது. அந்தக் காலத்தில் சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து சிலோன் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனவர்களை மண்டபம் முகாமில்தான் நிறுத்தி வைத்து, நோய் நொடி இருக்கிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் கடலைத் தாண்ட விட்டார்கள். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபிறகு தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அத்தையின் பெரியப்பா குடும்பம் அந்த வழியாகப் போனதுதான், திரும்பி வரவே இல்லை. பிற்காலத்தில் அதே மண்டபத்தில் இலங்கை அகதிகளுக்கு முகாம் வந்தது. பஞ்சத்துக்குப் பயந்து நம் ஊரிலிருந்து கிளம்பியவர்கள் சொந்த மண்ணைக் கடைசியாகப் பார்த்த இடம் அந்தக் கரை. பகலில் பத்து நிமிஷம் வண்டியை நிறுத்தியிருந்தால் அத்தைக்கு அதைக் காட்டியிருக்கலாம். பட்டியலில் மண்டபம் இல்லை, அதனால் வண்டி நிற்கவில்லை.

பாம்பன் பாலத்தையும் இருட்டில்தான் தாண்டினோம். 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்திருக்கும். கப்பல் வந்தால் புதுப் பாலத்தின் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். கடல் மேல் அப்படி ஒரு பாலம் இந்தியாவில் இதுதான் முதல். 1964 புயலில் சிதைந்த பழைய பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினியர் 46 நாளில் சரி செய்து ரயிலை ஓட வைத்தார். இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டலாம் என்று ஆசையாக இருந்தேன். விடிந்தபோது வேன் பார்க்கிங்கில் நின்றது. தாங்கள் இருப்பது ஒரு தீவு என்பதே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

அடுத்தது கோயில். அங்கே முறை என்னவென்று போனவர்களுக்குத் தெரியும். முதலில் அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு, ஈரத்தோடு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தக் கிணறுகளிலும் நீராட்டு, அப்புறம் காய்ந்த துணி கட்டிக்கொண்டு சாமி தரிசனம். பெரிய வண்டிகளைக் கோயில் வீதிக்குள் விடுவதில்லை, தூரத்துப் பார்க்கிங்கிலிருந்து ஆட்டோவில் வர வேண்டும். இதெல்லாம் வருஷம் முழுக்க ஆள் கூட்டி வருகிற டூர்காரருக்குத் தெரியாதா? மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னாரா? "கனமா எதுவும் தூக்காதீங்கக்கா, எல்லாம் வண்டியிலயே இருக்கட்டும்" என்றுதான் சொன்னார். பையெல்லாம் வேனுக்குள், வேன் பூட்டி, டிரைவர் தூங்கப் போய்விட்டார். பாவம், அந்த மனுஷனும் ராத்திரி முழுக்க ஓட்டியவர்தானே.

எழுபது வயதைத் தாண்டிய அத்தை நனைந்த சேலையோடு வெளிப்பிராகாரத்தில் ஒரு தூணில் சாய்ந்து நின்றார். நடுக்கம் நிற்கவில்லை. கொழுந்தனார் ஆட்டோ பிடித்துப் போய், டிரைவரைத் தேடி எழுப்பி, பையோடு வருவதற்குள் நேரம் ஓடிவிட்டது. மத்தியானம் நடை சாத்திவிடுவார்களே என்ற பயம் வேறு. நீண்டுகொண்டே போகும் அந்தப் பிராகாரத்தில் ஒரு சுற்று நிதானமாக நடக்க அத்தைக்கு ஆசை. டூர்காரர் போன் மேல் போன்: "சீக்கிரம் வாங்கக்கா, இன்னும் ஏழு எடம் பாக்கி இருக்குது."

பாக்கி இடங்களை எப்படிப் பார்த்தோம் என்று விவரித்துப் பயனில்லை. இறங்கினோம், செருப்பைக் கழற்றினோம், கும்பிட்டோம், ஏறினோம். பேக்கரும்பில் இருக்கும் கலாம் நினைவிடத்திலாவது என் பையன் கொஞ்சம் நின்று பார்ப்பான் என்று நினைத்தேன். அவன் பள்ளிக்கூடத்தில் கலாம் வேஷம் போட்டவன். ராக்கெட் மாதிரியின் முன்னால் நின்று ஏதோ கேட்க ஆரம்பித்தான், அதற்குள் விசில் சத்தம். ஆனால் சங்குக் கடையில் மட்டும் அவசரமே இல்லை. "நிதானமாப் பாருங்க, வாங்கோணும்னு இல்லீங்" என்று டூர்காரரே உள்ளே கூட்டிப் போனார். கலாமுக்குக் கொடுத்ததை விட அதிக நேரம் சங்குக் கடைக்கு. ஏன் என்று எல்லாருக்கும் தெரியும்.

தனுஷ்கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. ராமேஸ்வரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம், இரண்டு பக்கமும் கடல், நடுவில் நூல் பிடித்தது போல ரோடு. 2017 வரைக்கும் இந்த ரோடு கிடையாது, மணலில் ஜீப்பிலும் வேனிலும்தான் போக வேண்டும். இருட்டுவதற்கு முன் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது பாதுகாப்புக்காக, சரியான ஏற்பாடுதான். அப்படியிருக்க, தனுஷ்கோடியை ஏன் பட்டியலின் கடைசியில் வைக்கிறார்கள்? "இருவது நிமிசம்தான் அக்கா, போட்டோ எடுத்துட்டு வந்திருங்க" என்றார் டிரைவர்.

இடிந்த சர்ச்சுக்கு முன்னால் நூறு பேர் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். "இது ஏன் ஒடஞ்சு கெடக்குது?" என்று என் மகள் கேட்டாள். நான் சொன்னேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்தது, கடல் ஊருக்குள் ஏறியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653-ஆம் நம்பர் பாசஞ்சர் ரயிலை அலை அடித்துக்கொண்டு போனது, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஸ்டேஷன், தபாலாபீஸ், வீடுகள் எல்லாம் போயின. குடியிருக்க லாயக்கில்லாத ஊர் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது, ரயில் தண்டவாளம் மறுபடி போடவே இல்லை. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசை போட்டு அங்கேயேதான் பிழைக்கிறார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். சொல்லி முடிப்பதற்குள் ஹாரன் அடித்துவிட்டார்கள். மகள் அழாத குறை. அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சிலோனுக்குக் கப்பல் ஏறுன எடம் எது கண்ணு?" அந்தப் பக்கம் கையைக் காட்டத்தான் எனக்கு நேரம் இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. மே மாதம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. வரிசையாகக் கட்டிக் கிடந்த படகுகளைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு லீவாங்?" என்று கொழுந்தனார் மகன் கேட்டான். மூன்று பக்கம் வறண்ட காடும் ஒரு பக்கம் மலையும் பார்த்து வளர்கிற பிள்ளைகள் இவர்கள். கடலைப் பற்றி, படகைப் பற்றி, அந்த மனிதர்கள் அந்த 61 நாளும் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைப் பற்றிக் கேட்க இதைவிட வேறு இடம் ஏது? கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பேசத் தயாராகத்தான் இருந்தார். நமக்குத்தான் நிற்க நேரமில்லை.

டூர்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். இடத்தைக் குறைத்தால் ஆள் வர மாட்டார்களாம், பத்து இடம் போடுகிற வண்டியை விட்டுவிட்டு பதினைந்து போடுகிற வண்டிக்குத்தான் போவார்களாம். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. எங்கள் வேனிலேயே, "இவ்வளவு தூரம் வந்துட்டு அதையும் பாக்காமப் போறதா?" என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒருவர் கேட்டார்கள். ஆனால் திரும்பி வந்தபிறகு, எந்தத் தீர்த்தம் எங்கே இருந்தது என்று அவர்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அத்தை மூன்று நாள் காய்ச்சலில் படுத்தார். நனைந்த சேலையும் வேன் ஏசியும் அவரைப் படுக்க வைத்தன.

டூர் நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். கோயிலுக்கு ஒரு காலைப்பொழுது, தனுஷ்கோடிக்கு ஒரு காலைப்பொழுது, நடுவில் ஒரு ராத்திரி தங்கல். லாட்ஜ் வாடகையைச் சேர்த்துச் சொல்லுங்கள், கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பார்கள். ஒரே நாள்தான் முடியும் என்கிற குடும்பத்துக்குக் கோயிலும் தனுஷ்கோடியும் மட்டும் போதும். வெயில் ஏறுவதற்கு முன் ஒன்று, வெயில் தாழ்ந்ததும் ஒன்று. டிரைவரையும் தூங்க விடுங்கள், அத்தனை பேர் உயிரும் அவர் கையில்தான் இருக்கிறது.

அடுத்த லீவுக்கு வேன் பேசுகிறவர்கள், எத்தனை இடம் என்று கேட்காதீர்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள்: தீர்த்தமாடி முடித்ததும் மாற்றுத் துணிப் பை கைக்கு வருமா? தனுஷ்கோடியில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள்? ராத்திரி முழுக்க ஓட்டியவரேதான் திரும்பவும் ஓட்டுவாரா? இதற்கு நேரான பதில் வராவிட்டால், அந்த வண்டியில் உங்கள் வீட்டுப் பெரியவர்களை ஏற்றாதீர்கள்.