வாலஸின் வாள்

ஸ்காட்லாந்திலே, ஸ்டெர்லிங் நகரை யடுத்த குன்றின்மேல், 1869-ம் வருஷம் திறக்கப்பட்ட வாலஸ் ஞாபகார்த்தக் கோபுரம் நிற்கிறது. அதனுள்ளே சுமார் 5½ அடி நீளமுள்ள இருகை வாள் ஒன்று கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டிருக்கிறது. 1297-ல் ஆங்கிலச் சேனையை ஸ்டெர்லிங் பாலத்தருகே முறியடித்து, 1305-ல் லண்டனில் குரூரமாகக் கொல்லப்பட்ட வில்லியம் வாலஸ் ஏந்திய வாள் அதுவே என்பது ஜனங்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு வாள் சாட்சி சொல்கிறதா?

பழைய வாளை இனங்காண விரும்புவோர் நீளத்தைக் கண்டு மயங்காமல் அலகின் வடிவத்தை நோக்க வேண்டும். எவர்ட் ஓக்ஷாட் என்ற ஆங்கில அறிஞர் 1960-ல் வெளியிட்ட வகைப்பாடும் அலகையே பிரதானமாகக் கொண்டது. வாலஸ் காலத்துப் பெரிய வாளின் அலகு அகன்று, நடுவே நீண்ட பள்ளம் ஓடப்பெற்றது. வளையக் கவசம் பூண்டவனை ஓங்கி வெட்டுவதற்கு ஏற்றது. பிடி சற்றே நீண்டது. குதிரைமேல் ஒரு கையாலும், வேண்டும்போது இரு கையாலும் வீசலாம். பின்னர் எஃகுத் தகட்டுக் கவசம் பரவவே வெட்டினால் பயனில்லாது போயிற்று. கவசத்தின் இடுக்குகளில் பாய்ச்சுவதற்காக அலகு ஊசிபோல் ஒடுங்கியது. பள்ளமிருந்த இடத்தில் முதுகெலும்புபோல் ஒரு வரம்பு எழுந்தது. அவ்வாளின் எடை ஏறக்குறைய 3 ராத்தல்தான்! இரும்பு உலக்கையைத் தூக்கிச் சுழற்றினார்கள் என்பதெல்லாம் வெறுங் கதை.

ஜெர்மானியக் காலாட்படையினர் தாங்கிய ராக்ஷஸ வாட்கள் பதினாறாம் நூற்றாண்டுக்கு உரியவை. கைகாப்புக்கு அப்பால் அலகிலேயே இரு சிறு கொம்புகள் நீட்டிக்கொண்டிருப்பதே அவற்றின் அடையாளம்.

ஸ்டெர்லிங் வாளின் அலகு மாத்திரம் 4 அடி 4 அங்குலம். மொத்த எடை 6 ராத்தலை எட்டுகிறது. இவ்வளவு நீளமும் கனமும் வாலஸ் காலத்துக்குப் பொருந்துவது கடினம். அலகு வெவ்வேறு வாட்களின் துண்டுகளைச் சேர்த்துச் செய்யப்பட்டிருக்கலாம் என்றுங்கூட நிபுணர் சிலர் கருதுகின்றனர். நாலாம் ஜேம்ஸ் மன்னனின் 1505-ம் வருஷத்துக் கணக்கில், 'வாலஸ் வாளுக்கு'ப் புதுப் பிடியும் உறையும் பட்டுக் கயிறும் செய்த செலவு எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே, இன்றுள்ள பிடியைக் கொண்டு வாலஸைப்பற்றி வாதிடுவது வீண்.

வீரன் பெரியவனானால் வாளும் பெரிதாகவே இருக்கவேண்டும் என்று ஜனங்கள் எங்கும் எண்ணுகிறார்கள் போலும். ஹாலந்தின் பிரீஸ்லாந்து மாகாணத்தில், 1520-ல் மாண்ட பீர் கெர்லோப்ஸ் டோனியா என்ற கலகத் தலைவனுடையதாகக் காட்டப்படும் வாள் 7 அடி நீளம், 14½ ராத்தல் எடை! ஊர்வலத்தில் தாங்கிச் செல்லலாம். யுத்தத்தில் வீச முடியாது என்பது என் அபிப்பிராயம்.

ஆனாலும் ஸ்டெர்லிங் வாளை 1936-லும் 1972-லும் சிலர் களவாடிச் சென்றார்கள். இரண்டு தடவையும் அது கோபுரத்துக்கே திரும்பி வந்தது.