நண்டுவளையும் குடற்சுவரும்

வரப்பு எதனால் உடைகிறது? குரும்பகரத்து உழவுத் தோழரைக் கேளுங்கள். வெள்ளத்தால் என்று சொல்லமாட்டார், நண்டுவளையால் என்பார். வெள்ளம் வந்தது பிறகு. வளை விழுந்தது முன்பே!

குடிப்பவர் வயிற்றுக்குள்ளும் இதே கதைதான். குடியால் ஈரல் கெடும் என்பது ஊரறிந்த செய்தி. கூடவே குடலின் சுவரிலும் ஓட்டை விழுகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

குடலில் கோடானுகோடிக் கிருமிகள் குடியிருக்கின்றன. சுவருக்கு அப்பால் இருக்கும்வரை தொல்லையில்லை. சாராயம் அந்தச் சுவரின் இணைப்புகளைத் தளர்த்துகிறது. கிருமி நஞ்சு கசிந்து இரத்தத்தில் கலக்கிறது. குடலிலிருந்து கிளம்பும் இரத்தம் நேரே போவது ஈரலுக்கு! ஈரல் வீங்குகிறது, தழும்பேறுகிறது, சுருங்குகிறது. சுருங்கிய ஈரலுக்குள் புக வழியின்றி இரத்தம் தேங்க, குடற்சுவர் மேலும் நைந்துபோகிறது. ஒன்றை மற்றொன்று கெடுக்கும் கொடுமை இது. மகோதர நீரில் கிருமி சேர்வது இந்தக் கசிவால்தான். திருநள்ளாறு பக்கத்தில் இருக்கிறதே என்று சனியின்மேல் பழிபோட வேண்டாம்!

இந்த ஓட்டையை இரத்தச் சோதனை காட்டுமா? காட்டுகிறது, அரைகுறையாக. எண்டோடாக்சின் என்னும் கிருமி நஞ்சைக் குதிரைலாட நண்டின் குருதிச் சாறு கொண்டு கண்டறிகிறார்கள். ஆனால் அந்த நஞ்சு இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. அதைப் பற்றிக்கொள்ளும் எல்.பி.பி. என்ற புரதம் மிகுந்திருந்த மகோதர நோயாளிகளுக்குக் கடுந்தொற்று அதிகம் வந்தது என்று ஸ்பெயின் மருத்துவர்கள் 2004-இல் காட்டினர். ஆனால் அந்தப் புரதத்தைச் செய்வதே ஈரல்தான்! சாட்சியே நோயாளியானால் தீர்ப்பு எப்படித் தெளிவாகும்? சானுலின் என்பதை அளக்க விற்கப்படும் சோதனைகளோ வேறு புரதங்களையும் சேர்த்து அளக்கின்றன. ஆகவே, இவற்றைக் காட்டிக் காசு பறிக்க வருவோரிடம் ஏமாறாதீர்!

கைகண்ட சோதனைகள் இருக்கின்றன: பிலிருபின், ஆல்புமின், தட்டணுக்கள், வயிற்று ஸ்கேன். தமிழ்நாட்டில் சாராயக்கடை இல்லை; இங்கே உண்டு. உரிமம் கொடுத்துத் தீர்வை வாங்குகிறது புதுவை அரசு. நாம் கேட்கிறோம்: கடைக்கு இடம் கண்ட அரசுக்கு, ஊர்தோறும் ஈரல் சோதனை முகாமுக்கு இடம் கிடைக்காதா? தீர்வைப் பணத்தில் ஒரு பங்கைக் குடிமீட்புச் சிகிச்சைக்கு ஒதுக்கினால் கஜானா கவிழ்ந்துவிடுமா?

தோழர்களே! காமாலைக் கிருமியாலும், கொழுப்பாலும்கூட ஈரல் சுருங்கும். நோயுற்றவரையெல்லாம் குடிகாரர் என்று ஏசாதீர். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குடிப்பவர் இன்றே நிறுத்த முடிவெடுக்கட்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவர் துணையோடு நிறுத்தட்டும். ஈரல் சுருங்கிய பின்னும், குடியை விட்டவர்க்கு ஆயுள் நீளும்.

வளையைக் கண்ட உழவர் வெள்ளத்துக்காகக் காத்திருப்பதில்லை. சேறெடுத்து அடைக்கிறார். அடைப்போம் நாமும்; அரசையும் அடைக்கச் செய்வோம்!